வலது பக்கத்துக் குரல்

என் மேசை இழுப்பறையில் ஒரு கேசட் இருக்கிறது. மேலே ஒட்டிய காகிதம் பழுப்பேறி, பச்சை மையில் எழுதியிருந்த எங்கள் வீட்டு விலாசம் பாதி அழிந்துவிட்டது. அதன் முதுகுப் பக்கத்தில் இரண்டு ஓரத்திலும் பொட்டுக்கடலை அளவுக்குச் சின்னதாக ஒரு குழி. அங்கே இருக்க வேண்டிய பிளாஸ்டிக் பல் இரண்டும் இல்லை. சவூதியிலிருந்து பெட்டியில் வந்தபோது அடிபட்டு உடைந்திருக்கும் என்று முப்பது வருஷத்துக்கு மேலாக நினைத்துக்கொண்டிருந்தோம். கேசட்டுக்குப் பக்கத்தில் கையகலக் கறுப்புப் பெட்டி ஒன்றும் கிடக்கிறது. லேப்டாப்பில் வெளியிலிருந்து மாட்டுகிற சவுண்ட் கார்டு. இந்த இரண்டையும் ஒன்று சேர்க்க நான் பட்ட பாட்டை எழுதினால் எங்கள் குடும்பத்தில் பாதிப் பேர் என்னோடு பேச மாட்டார்கள். மீதிப் பாதி ஏற்கெனவே பேசுவதில்லை என்பதால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எங்கள் வீடு பாகூர் கடைத்தெருவில். முன்னால் கடை, பின்னால் வீடு. கயிறு, தார்ப்பாய், சாக்கு, வலை நூல், மண்வெட்டிப் பிடி என்று நெல் போடுகிறவருக்கும் கடலுக்குப் போகிறவருக்கும் வேண்டியது எல்லாம் கிடைக்கும் கடை. அண்ணன் தம்பி மூன்று பேர், அவர்களுக்கு ஒரு தங்கச்சி. மூத்தவர் பெரியத்தா. கடை அவர் கையில், வீடு அவர் வாயில். என் அத்தா நடுவில் பிறந்தவர், நடுவிலேயே இருந்துவிட்டவர். கடைசித் தம்பியை நாங்கள் சாச்சா என்போம், அவர் மனைவியைச் சாச்சி. நான் சொல்ல வந்தது இந்தச் சாச்சியைப் பற்றி. கல்யாணமாகி எட்டாவது மாதம் சாச்சா சவூதிக்கு வேலைக்குப் போனார். சாச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியும். ஆனால் அவள் எழுதும் கடிதத்தை ஒட்டாமல் பெரியத்தாவிடம் கொடுக்க வேண்டும், அவர்தான் ஒட்டித் தபாலில் போடுவார். ஒட்டுவதற்கு முன்னால் படிக்காமல் இருக்க அவர் ஒன்றும் வானத்து மலக்கு இல்லை. ஒரே ஒரு கடிதத்துக்குப் பிறகு சாச்சி எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

அப்போது வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பிய வீடுகளில் கடிதத்தைவிடக் கேசட்தான் அதிகம் போய் வந்தது. ஒரு கேசட்டில் நாங்கள் எல்லாரும் பேசி, லீவு முடிந்து திரும்புகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவோம். சாச்சா அதைக் கேட்டுவிட்டு, அதன் மேலேயே தன் பதிலைப் பேசி அனுப்புவார். நாங்கள் கேட்டுவிட்டு, அதன் மேலேயே மறுபடி பேசுவோம். ஒரே கேசட் ஏழெட்டு தடவை கடல் தாண்டும். பேசிய பேச்சை எடுத்து வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. கேட்டாயிற்று, அழித்தாயிற்று, அடுத்ததைப் பேசு என்று இருந்தோம்.

சாச்சா அனுப்பிய பெரிய டேப் ரெக்கார்டரில் மைக் மாட்ட இரண்டு ஓட்டைகள் உண்டு, இடது ஒன்று, வலது ஒன்று. எங்கள் வீட்டில் ஆண்கள் உட்காரும் ஹாலுக்குப் பெண்கள் வந்து பேசுகிற வழக்கம் இல்லை. அதனால் இடது மைக் ஹாலில் இருக்கும். வலது மைக்கின் வயர் கதவுத் திரைக்கு அடியில் நுழைந்து, சமையல் நடக்கிற குசினிக்குப் போகும். ரெக்கார்டர் நடுவில் ஜன்னல் கட்டையில். அந்தப் பெட்டியை இயக்கத் தெரிந்த ஒரே ஆள் சாச்சி. சிவப்புப் பொத்தானையும் கறுப்புப் பொத்தானையும் இரண்டு விரலால் சேர்த்து அழுத்திவிட்டு, திரையைத் தள்ளிக்கொண்டு குசினிக்குள் போய்விடுவாள். ஹாலில் பெரியத்தா பட்டியல் வைத்துக்கொண்டு ஆள் ஆளாகப் பேச விடுவார். உள்ளே பெண்கள் ஒவ்வொருவராகப் பேசிவிட்டுக் கொல்லைப்புறம் போய்விடுவார்கள். கடைசியில் புருஷனோடு பேச சாச்சியைத் தனியாக விடுவது அவர்கள் காட்டிய மரியாதை. ஆனால் அந்த நேரத்திலும் ஹாலில் பேச்சு நிற்காது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பதிவாகிக்கொண்டிருக்கும்.

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது சாச்சாவிடமிருந்து வந்த கேசட்டில் ஒரு கேள்வி இருந்தது. உடம்பு முடியவில்லை, அங்கே வெயில் தாங்கவில்லை, முடித்துக்கொண்டு வந்துவிடட்டுமா என்று கேட்டிருந்தார். அந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஹால் நிறைய ஆட்கள். பெரியத்தா கடைக்கு மேலே மாடி எழுப்புகிற கணக்கைச் சொன்னார், தங்கச்சி கல்யாணத்தைச் சொன்னார். "இன்னும் ரெண்டு வருஷம் பல்லக் கடிச்சிக்கினு இரு" என்றார். என் அத்தாவும் அதையே கொஞ்சம் மெதுவாகச் சொன்னார். அப்புறம் என்னைத் தூக்கி மைக் முன்னால் நிறுத்தினார்கள். நான் ஏழாம் வாய்ப்பாட்டைத் தொண்டை கிழியச் சொன்னேன். எல்லாரும் கைதட்டினார்கள். கேசட் போய்ச் சேர்ந்த ஐம்பதாம் நாள் சாச்சா அங்கே மாரடைப்பில் மவுத்தானார். அங்கேயே அடக்கம் செய்தார்கள். ஒரு பிடி மண் போட எங்களில் யாராலும் போக முடியவில்லை. அவர் பெட்டி மட்டும் வந்தது. சட்டைகள், ஒரு கடிகாரம், இந்தக் கேசட்.

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓத வந்திருந்தவர்கள் முன்னால்தான் அந்தப் பேச்சு எழுந்தது. வரேன்னு கேட்டவனை ஏன் வரவிடவில்லை என்று உறவில் யாரோ கேட்டுவிட்டார்கள். பெரியத்தா கொஞ்சமும் தயங்காமல், "நான் மட்டுமா சொன்னேன், அவன் பொண்டாட்டியும்தான் இருக்கச் சொன்னா" என்றார். திரைக்குப் பின்னாலிருந்து சாச்சி, "நான் வரச் சொன்னேன். கேசட்டுல இருக்கு, போட்டுப் பாருங்க" என்றாள். போட்டார்கள். பெரிய ரெக்கார்டர் ரிப்பேராகிக் கிடந்தது, கடைசிவரை சரியாகவே இல்லை. அதனால் கடையிலிருந்த ஒற்றை ஸ்பீக்கர் பெட்டியில் போட்டார்கள். பெரியத்தா மாடி கட்டுவது கேட்டது, என் வாய்ப்பாடு கேட்டது, கைதட்டல் கேட்டது. அடியில் எங்கோ பாத்திரச் சத்தமும், பெண் குரல் முனகுவதும். அவ்வளவுதான். கேசட் ஓடி முடிந்ததும் ஒவ்வொருவராகத் திரைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். அதைவிட அவர்கள் திட்டியிருக்கலாம். அன்றிலிருந்து சாச்சிக்கு இரண்டு பெயர். பணத்தாசையில் புருஷனை வரவிடாதவள் என்பது ஒன்று. அதை மறைக்கப் பொய் சொன்னவள் என்பது இன்னொன்று.

புருஷன் போனபின் வீட்டோடு இருக்கிற இத்தா நாட்கள் முடிந்து சாச்சி அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவள் போகவில்லை. ஒரு நாள் காலையில் முக்காட்டை இறுக்கிக்கொண்டு கடைக்குப் போய்க் கயிற்றுக் கட்டுகளுக்கு நடுவில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கடையில் பாதி உழைப்பு என் புருஷனுடையது, அவர் இடத்தில் நான் உட்காருகிறேன் என்று சொன்னாள். பெரியத்தா மூன்று நாள் கடைக்கு வராமல் கோபித்துக்கொண்டார். மூன்று நாளும் வியாபாரம் நன்றாக நடந்தது. கடற்கரையிலிருந்து வலை நூல் வாங்க வருகிற மீன்காரப் பெண்கள் இவளிடம்தான் கேட்பார்கள், இவள்தான் முழம் குறையாமல் அளப்பாள் என்று. அவள் அழுது நான் பார்த்ததில்லை. குடும்பத்தில் எந்தக் கல்யாணத்துக்கும் போவாள், முன்வரிசையில் உட்காருவாள். யாராவது பழைய கதையை ஆரம்பித்தால், "கேசட்டுல இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிடுவாள். வளர வளர நானும் அவளைப் பாவம் என்று நினைத்தேனே தவிர, அவள் சொன்னது உண்மையாக இருக்கும் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

போன வருஷம் ஒரு வலிமா விருந்தில், சம்பந்தி வீட்டாரிடம் சாச்சியைக் காட்டி, "இவ பேச்சக் கேட்டுத்தான் என் தம்பி அங்கயே கெடந்து செத்தான்" என்று பெரியத்தா மறுபடி சொன்னார். அவருக்கு இப்போது எண்பது, குரல் மட்டும் தளரவில்லை. மறுநாள் சாச்சி என் வீட்டுக்கு வந்தாள். நான் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் கிளார்க், கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் என்று குடும்பத்தில் பெயர். கேசட்டை மேசைமேல் வைத்தாள். "ஊரு நம்பணும்னு எனக்கு ஒண்ணும் ஆச இல்லடி. அவரு காதுல நான் சொன்னது வுழுந்துச்சா, இல்ல இவங்க கத்துனதுதான் வுழுந்துச்சான்னு தெரியணும். எனக்கு அது மட்டும்தான் வேணும்" என்றாள். நான் சரி என்றேன். என் அத்தாவிடம் சொன்னபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, செத்த விஷயத்தை நோண்டாதே என்றார். அதன் பிறகு நோண்டாமல் இருப்பது எனக்குச் சாத்தியமே இல்லை.

பழைய சாமான் சந்தையில் ஸ்பீக்கர் இல்லாத ஒரு கேசட் டெக் கிடைத்தது. பின்பக்கம் சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று என இரண்டு ஓட்டைகள், சத்தம் வெளியே வருகிற வழி. என் லேப்டாப்பில் ஹெட்போனுக்கு ஒரே ஓட்டை. அதற்கு வெளியே பேசத்தான் தெரியும், உள்ளே வாங்கிக்கொள்ளத் தெரியாது. மதகடிப்பட்டில் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மைக் செட் கட்டுகிற சவுண்ட் சர்வீஸ்காரர் ஒருவரிடம் போனேன். "இன்னாக்கா, இதுக்குப் போயி இவ்ளோ தூரமா. இத மாட்டு, வேல முடிஞ்சிது" என்று விரல் நீளத்தில் ஒரு சவுண்ட் கார்டைக் கொடுத்தார். ஒரு முனையை லேப்டாப்பில் சொருக வேண்டும், மறுமுனையில் மைக்குக்கு ஒரு ஓட்டை, ஹெட்போனுக்கு ஒரு ஓட்டை. அவர் கடையிலேயே மாட்டிப் போட்டோம். பெரியத்தா வந்தார், தெளிவாக வந்தார், மாடி கட்டினார். என் வாய்ப்பாடு வந்தது. சாச்சி வரவில்லை. முன்பு கேட்ட முனகல்கூட இல்லை. சவுண்ட் சர்வீஸ்காரர் எனக்காக வருத்தப்பட்டார். "கேசட்டுல அவ்ளோதான்க்கா இருக்கு" என்றார்.

வீட்டுக்கு வந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதிவு செய்த சத்தம் இரண்டு கோடுகளாகத் தெரியும், மேலே இடது, கீழே வலது. இரண்டும் ஒரு மயிரிழை பிசகாமல் ஒரே மாதிரி ஏறி இறங்கின. எனக்குத் திடீரென்று கோபம் வந்தது. ஹாலில் ஒரு மைக், குசினியில் ஒரு மைக். ஹாலில் ஒருவர் தும்மினாலும் குசினியில் அது வேறு மாதிரிதானே கேட்டிருக்க வேண்டும். இரண்டு கோடும் ஒன்றாக இருந்தால், ஒன்று மற்றதன் நகல் என்றுதான் அர்த்தம். அந்த விரல் நீளப் பெட்டிக்குக் காது ஒன்றுதான். மைக்குக்கென்று வைத்த ஓட்டை இடது பக்கத்தை மட்டும் வாங்கிக்கொண்டு அதையே இரண்டாக்கிக் காட்டியிருக்கிறது. இடது பக்கம் ஆண்கள் உட்கார்ந்த ஹால். அந்தக் காலத்து ஒற்றை ஸ்பீக்கர் பெட்டி இரண்டையும் கலந்து சாச்சியை அமுக்கியது. இந்தக் காலத்துப் பெட்டியோ அவளை உள்ளேயே விடவில்லை.

அப்புறம் நான் சவுண்ட் கார்டு தேடிய கதை ஒன்றரை மாதம். ஆன்லைனில் பார்த்த முதல் பெட்டியில் கலர் விளக்கும், சத்தம் கூட்டிக் குறைக்கப் பத்துப் பன்னிரண்டு திருகும் இருந்தன. பாட்டுப் பாடி வீடியோ போடுகிறவர்களுக்கானது. ஒரு பொத்தானை அழுத்தினால் கைதட்டல் வரும், இன்னொன்றில் சிரிப்பு வரும் என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள். பெரியத்தா பேச்சுக்குக் கைதட்டல் ஏற்கெனவே கேசட்டில் இருக்கிறது, காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அடுத்தது மைக்குக்கு ஒரு வாசலும் கிடாருக்கு ஒரு வாசலும் உள்ளது. நல்ல பெட்டிதான், ஆனால் என் டெக்கின் வயர் அதில் நேராகப் பொருந்தாது. மூன்றாவதை விற்கிறவரிடம் சிவப்பு, வெள்ளை இரண்டையும் தனித்தனியாக வாங்குமா என்று எழுதிக் கேட்டேன். 'சூப்பர் பாஸ் மேடம்' என்று பதில் வந்தது. நம்பி வரவழைத்தேன், அதுவும் ஒற்றைக் காது, திருப்பி அனுப்பினேன். பார்சல் கொண்டு வருகிற தம்பி, "இன்னாக்கா, ஸ்டுடியோ வெக்கப் போறியா" என்றான். ஆமாம் என்றேன். கடைசியில், படம்கூடச் சரியாக எடுக்காமல் போட்டிருந்த இந்தக் கறுப்புப் பெட்டியைப் பிடித்தேன். விளக்கு இல்லை, திருகு இல்லை. உள்ளே வாங்கிக்கொள்ளச் சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. மைக் பெட்டி என்றோ பாட்டுப் பெட்டி என்றோ அது சொல்லிக்கொள்ளவில்லை. இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகக் கேட்கும் என்று மட்டும் எழுதியிருந்தது. எனக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் மாட்டினேன். கேசட் ஓட ஓட இரண்டு கோடுகளும் வேறு வேறாகப் பிரிந்து எழுந்தன. முழுவதும் பதிவானதும் இடது பக்கத்தை அணைத்தேன். பெரியத்தாவின் வாயை ஒரே அழுத்தலில் அடைத்தது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. வலது பக்கம் ஸ்டவ் இரைகிற சத்தம். ஒரு கரண்டி கீழே வைக்கப்படுகிறது. அப்புறம் இருபத்திரண்டு வயதுச் சாச்சியின் குரல், மைக்கை வாய்க்கு அருகில் பிடித்துக்கொண்டு, மெதுவாக, ஒரு சொல்கூடத் தடுமாறாமல்.

"நான்தான் பேசறேன். ஹால்ல எல்லாரும் ஒங்கள இருக்கச் சொல்றாங்க. நான் சொல்லல. வந்துடுங்க. மாடி வேணாம், கூர வூடா இருந்தாலும் போதும். கடையில நான் ஒக்காந்துக்கறேன், எனக்கு கயிறு அளக்கத் தெரியாதா. ஒங்க ஒடம்பு எனக்கு வேணும். யார் இன்னா சொன்னாலும் வந்துடுங்க."

அவ்வளவுதான். அந்தக் குரலுக்கு அடியில், திரைக்கு அப்பாலிருந்து, தூரத்தில், ஏழாம் வாய்ப்பாடு. நான் கத்திக்கொண்டிருந்த அதே நேரத்தில் அவள் இதைச் சொல்லியிருக்கிறாள். என் குரலும் சேர்ந்துதான் அவள் குரலை மூடியிருக்கிறது. நான் அன்று தனியாக உட்கார்ந்து நன்றாக அழுதேன், எனக்காகவும் சேர்த்து.

சாச்சியிடம் முதலில் தனியாகப் போட்டுக் காட்டுகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். "எங்க பொய்யின்னு சொன்னாங்களோ அங்க போடு." நோன்புப் பெருநாள் அன்று மதியம், பிரியாணி முடிந்து எல்லாரும் அதே ஹாலில் இருந்தபோது லேப்டாப்பையும் டெக்கையும் கறுப்புப் பெட்டியையும் கொண்டுபோய் வைத்தேன். சாச்சி திரைக்குப் பின்னால் போகவில்லை. ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். நான் பதிவைப் போடும் முன்பே பெரியத்தா, "இந்தக் காலத்துல கம்ப்யூட்டர்ல யார் கொரல வேணாலும் பண்ணலாம்" என்றார். கூட்டத்தில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். சாச்சி எழுந்தாள். "அப்ப கம்ப்யூட்டர் வேணாம். கேசட்டயே போடறேன்" என்று கேசட்டை எடுத்து டெக்கில் செருகினாள். செருகிவிட்டு, முப்பது வருஷத்துக்கு முந்தைய விரல் பழக்கத்தில், சிவப்பையும் கறுப்பையும் சேர்த்து அழுத்தினாள்.

எனக்கு உயிர் போய் வந்தது. சிவப்பு இறங்கியிருந்தால் அவள் குரல் அழிந்து வெறும் நாடாதான் மிஞ்சியிருக்கும். ஆனால் சிவப்புப் பொத்தான் இறங்கவில்லை. அவள் இன்னும் பலமாக அழுத்தினாள், அது கல்லாக நின்றது. நான் அவள் கையை எடுத்துவிட்டுக் கறுப்பை மட்டும் அழுத்தினேன். டெக்கின் சத்தம் பெட்டி வழியாக லேப்டாப்புக்கு வந்து வெளியே போயிற்று. இடது பக்கத்தை அடைத்து வைத்தேன். ஸ்டவ் இரைந்தது, கரண்டி சத்தம் கேட்டது, 'வந்துடுங்க' என்று அந்தக் குரல் ஹாலில் கேட்டது. முடிந்ததும் பெரியத்தா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். பிறகு, "அப்பவே கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கலாமே" என்றார்.

"நீங்க கொஞ்சம் வாய மூடியிருந்தா கேட்டிருக்கும் மச்சான்" என்றாள் சாச்சி. அவர் முகத்தைப் பார்த்து அவள் பேசியது அன்றுதான்.

அதுவரை வாயே திறக்காத என் அத்தா எழுந்து வந்தார். கேசட்டை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "செவப்பு ஏன் எறங்கலன்னு தெரியுதா. இந்த ரெண்டு பல்லயும் ஒடச்சிட்டா அதுமேல யாரும் பேச முடியாது. பாட்டு கேசட்டுல இப்படித்தான் பண்ணி விப்பாங்க. பேசுற கேசட்டுல நம்ம வூட்ல யாரும் ஒடச்சதில்ல, ஒடச்சா பதில் பேச முடியாதே. ரெண்டு ஓரமும் ஒரே மாதிரி, சுத்தமா நெம்பி எடுத்திருக்கு. தம்பிதான் ஒடச்சிருக்கான்" என்றார். அங்கே சாச்சாவிடம் இருந்ததும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிதான், ஒரு பக்கத்தைக் குறைத்து ஒரு பக்கத்தை மட்டும் கேட்கிற திருகு அதில் உண்டு என்றும் சொன்னார். இதெல்லாம் தெரிந்தவர் முப்பது வருஷம் அந்தக் கேசட்டைக் கையில் வாங்கிப் பார்க்கவே இல்லை. அதற்காக நான் அவரை இன்னும் மன்னிக்கவில்லை.

சாச்சி கேசட்டை வாங்கி, இரண்டு குழியிலும் கட்டைவிரலை வைத்துத் தடவினாள். நிறைய நேரம் தடவினாள். "கேட்டிருக்காரு" என்றாள். பெரியத்தாவால் அப்போதும் சும்மா இருக்க முடியவில்லை. "கேட்டும் அவன் கெளம்பி வரலியே" என்றார்.

"அத நான் போயி அவருகிட்டயே கேட்டுக்கறேன். அது எங்க ரெண்டு பேருக்குள்ள. ஒங்களுக்கு அதுல வேல இல்ல."

அதன் பிறகு அந்தக் கதையை எங்கள் குடும்பத்தில் யாரும் எடுக்கவில்லை. போன மாதம் ஒரு நிச்சயதார்த்தத்தில் பெரியத்தா, "என் தம்பி இருக்கானே" என்று ஆரம்பித்தார். சாச்சி தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். அவர் தால்ச்சா கேட்டு வாங்கிக்கொண்டார்.

கேசட் என்னிடம் இருக்கட்டும் என்று சாச்சி கொடுத்துவிட்டாள். அவள் இன்னும் கடையில்தான் இருக்கிறாள், மாலையில் வந்தால் சில சமயம் கேட்டுவிட்டுப் போவாள், இடது பக்கத்தை அணைத்துவிட்டு. அந்தக் குழிகளில் துண்டுக் காகிதம் ஒட்டி அடைத்தால் மறுபடியும் அதன் மேல் பேசலாம் என்று அத்தா சொல்லியிருந்ததை ஒரு நாள் அவளிடம் சொன்னேன். சாச்சி கேசட்டைத் திருப்பி அந்த இரண்டு குழியையும் ஒரு முறை பார்த்துக்கொண்டாள். "எவனாவது ஒட்டட்டும், பாக்கறேன்" என்றாள்.